மூன்று முழ வேட்டை

பாகூர்ப் பக்கத்தில் தை அறுப்பு முடிந்த வயலில் விடிகாலையில் இறங்கினால் வரப்புகள் மொட்டையாகத் தெரியும். பயிர் நிற்கும்போது கண்ணில் படாத வளைகள் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும். ஓரத்தில் பொலபொலவென்று புதுமண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது. வளையின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் குடி பெயர்ந்துவிட்டது. மண் குவியலே இல்லாமல் வாய் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அங்கே கையை வைக்கக் கூடாது, நாயையும் விடக் கூடாது. பாம்பு போய்வந்து கொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் ஊருக்கு வரும் ஓர் இருளர் தாத்தா. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் புதுச்சேரியைச் சுற்றியும் வயல்களில் எலி பிடிப்பதில் இருளர்களுக்கு ஈடானவர்கள் இல்லை. நாய் வைத்து எலி பிடிப்பது எப்படி என்பதையும் அவரிடம்தான் கற்றேன். மீதியைக் கறுப்பியிடம் கற்றேன்.

கறுப்பி கன்னி நாய். உடம்பு கறுப்பு, கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்பு. கோவில்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவர் மூன்று மாதக் குட்டியாகத் தந்தார். கன்னியும் சிப்பிப்பாறையும் விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து நாய்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லாத கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு, நீண்ட கழுத்து, கூரான முகம். இங்கிலாந்தின் கிரேஹவுண்ட், விப்பெட், வடக்கே ராம்பூர், கர்நாடகத்தின் முதோல் எல்லாம் இதே வார்ப்புதான். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் நாய்கள். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். கால்களை விரித்து ஒரு முறை, உடம்பைச் சுருட்டி ஒரு முறை.

அப்படிப்பட்ட நாயை நான் கொண்டுவந்து விட்ட இடம் எது? ஏரிப் பாசனம் உள்ள ஒன்றரைக் காணி நெல் வயல். இருபது அடிக்கு ஒரு வரப்பு, நாற்பது அடிக்கு ஒரு வாய்க்கால், பாதி நாள் முழங்கால் சேறு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நெல் போடுகிற ஊர். ஓடப் பிறந்த நாய்க்கு ஓட இடமே கிடையாது. முயல் விரட்டலாம் என்றால் அதுவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அது குற்றமாக இருப்பதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் முயல் ஒன்று கிளம்பியபோது கறுப்பி என் கையையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தாள். கயிற்றை நான் விடவில்லை. அன்று முழுக்க அவள் சோறு தொடவில்லை.

அப்புறம்தான் எலி நினைவுக்கு வந்தது.

முதல் நாள் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. தாத்தா மண்வெட்டியால் வரப்பைக் கொத்தினார். எங்கள் நாட்டு நாய் மணி வாயில் மண் அப்பிக்கொண்டு மறுபக்கம் தோண்டினான். திடீரென்று, யாரும் பார்க்காத ஒரு மூலையில் மண்ணை முட்டிக்கொண்டு எலி வெளியே வந்தது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைப் பார்த்தவள் கறுப்பி. அம்பு மாதிரிப் பாய்ந்தாள். ஆனால் எலியைத் தாண்டிப் போய்விட்டாள். எலி அவளுடைய வயிற்றுக்கடியில் திரும்பி அடுத்த பொந்தில் இறங்கிவிட்டது. அவளோ பத்தடி தள்ளி நின்று தொலைவில் வயலின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலி அங்கேதான் ஓடியிருக்கும் என்று அவள் உடம்பு சொல்லியிருக்க வேண்டும்.

தாத்தா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “எலிக்கு ஓட்டம் மூணு முழந்தான் தம்பி. அடுத்த பொந்து வரைக்கும். ஒன் நாயி மூணு மைலுக்குத் தயாரா நிக்குது.”

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. முயல் தப்பிக்க ஓடும். எலி ஒளிய ஓடும். முயலைப் பிடிக்க வேகமும் மூச்சும் வேண்டும். எலியைப் பிடிக்க, அது வெளியே தலைகாட்டும் அந்த அரை நொடியில் நாய் சரியான இடத்தில் நின்றிருக்க வேண்டும். நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வைச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டையாக நெருங்கியிருக்கும். தொடுவானம் முழுவதையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ள அது உதவுகிறது. வயலின் எந்த மூலையில் புல் அசைந்தாலும் கறுப்பிக்குத் தெரியும். ஆனால் காலடியில் வந்துவிட்ட எலியைப் பலமுறை தவறவிட்டிருக்கிறாள். அசையாமல் உட்கார்ந்துவிட்ட எலியை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு தேடியதும் உண்டு.

அதற்காக இந்த வகை நாய் எலிக்கு உதவாது என்று சொல்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். நாய் நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். மோப்ப நாய் வளையின் வாயில் இருக்க வேண்டும். கண் நாய் வளையிலிருந்து தள்ளி, நான்கைந்து முழத்தில், வரப்புக்குக் கீழே வயலில் நிற்க வேண்டும். வாயிலேயே நின்றால் அதன் உயரமும் பார்வையும் வீண். தள்ளி நின்றால் ஒரு வளையின் எல்லா வாய்களும் ஒரே சமயத்தில் அதன் கண்ணுக்குள் வந்துவிடும். கறுப்பியை அப்படி நிறுத்திவைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கழுத்துப்பட்டையில் இரண்டு விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருப்பேன். எலி கிளம்பியதும் விரலை எடுப்பேன். ஒரு சொல்லும் சொல்வதில்லை. நான்காவது மாதம் விரல் தேவைப்படவில்லை. தானே தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

பல வாய்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வயலில் பெரும் நாசம் செய்வது கரம்பை எலி. கால் கிலோ வரை தேறும், முரட்டுப் பிராணி. உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அதோடு, மேலே மெல்லிய மண் மட்டும் மூடிய ரகசிய வழி ஒன்றிரண்டு வைத்திருக்கும். புகை போனாலும் மண்வெட்டி நெருங்கினாலும் அந்த மண்ணை முட்டிக்கொண்டுதான் வெளியே வரும். அந்த வழி எங்கே என்று மனிதன் கண்டுபிடிப்பது கஷ்டம். மணியின் மூக்கு சில சமயம் கண்டுபிடிக்கும். மண் லேசாக நடுங்கும்போதே கறுப்பியின் கண் கண்டுபிடித்துவிடும். வளைத்துவிட்டால் இந்த எலி முதுகு முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிக்குட்டி மாதிரி உறுமும். புல் எலியும் வயல் சுண்டெலியும் இதன் முன்னால் சாது.

கரம்பை எலி நெல் தாளைக் கத்தி வைத்துச் சாய்வாக வெட்டியது மாதிரி வெட்டும். வயலில் அப்படி நாலு தூர் விழுந்துகிடந்தால் சந்தேகமே வேண்டாம். கதிரை அப்படியே வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் அடுக்கிவைக்கும். ஒரே வளையிலிருந்து இரண்டு படிக்கு மேல் நெல் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நெல் எங்கள் ஊரில் தோண்டியவருக்குத்தான் சொந்தம். நிலக்காரன் கேட்பதில்லை.

வேட்டைக்கு எது நேரம் என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கதிர் முற்றி, வெட்டு கண்ணில் பட்ட பிறகு ஓடிவருவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும். பயிர் தொண்டைக் கதிரில், அதாவது கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே, இருக்கும்போதே எலி குட்டி போட ஆரம்பித்துவிடும், மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அதற்குச் சினைக்காலம். ஆகவே அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் வரப்பு மொட்டையாக இருக்கும் அந்தச் சில நாட்களில் பிடிக்கும் ஒரு பெண் எலி, பங்குனியில் பிடிக்கும் பத்து எலிக்குச் சமம் என்பது என் எண்ணம். வரப்பையும் ஒல்லியாக வைத்துக்கொள்ள வேண்டும். அகல வரப்பில்தான் அது மாளிகை கட்டும். மூங்கில் கிட்டிப் பொறி வைப்பதும், கூகையும் ஆந்தையும் இரவில் வந்து உட்காரக் குச்சி நட்டுவைப்பதும் கூடவே நடக்கட்டும். நாய் மட்டும் எல்லாவற்றையும் தீர்க்காது.

இப்போது மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம். பட்டப்பகலில் வாய்க்கால் ஓரமாக ஒரு எலி தள்ளாடிக்கொண்டு போனது. கறுப்பி இரண்டே எட்டில் பிடித்து, நான் கத்துவதற்குள் பாதியை விழுங்கிவிட்டாள். வழக்கமாக அவள் எலியைத் தின்பதில்லை. ஒரே கடி, போட்டுவிடுவாள். அன்று ஏனோ தின்றுவிட்டாள். நாலாம் நாள் காலை எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்துப்போய், மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. பக்கத்து நிலக்காரர் ஒருவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புரோமடியோலோன் கட்டி வைத்திருந்தார்.

இந்த மருந்து ரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் சோர்ந்து, தள்ளாடி, பகலில் வெளியே வந்து சாகும். தள்ளாடும் எலியைப் போல ஒரு கண் நாயை இழுப்பது வேறெதுவும் இல்லை. அசைவு, மெதுவான அசைவு, திறந்த வெளியில். எங்கள் நாய்களுக்கு எது பலமோ அதையே இந்த மருந்து கண்ணியாக மாற்றிவிடுகிறது. நல்லவேளை, அந்த மருந்துக்கு மாற்று உண்டு. கால்நடை மருத்துவர் வைட்டமின் கே1 ஊசி போட்டார். வீட்டில் நான்கு வாரம் மாத்திரை கொடுத்தோம். பிழைத்தாள். அதுவே ஜிங்க் பாஸ்பைடாக இருந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரையில் கறுப்பியின் பெயரை வேறு விதமாக எழுதியிருப்பேன். அந்தக் கறுப்புப் பொடி வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது.

தாத்தா அன்று சாயங்காலம் வந்து அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மருந்து வச்ச கழனியில நாங்க எறங்கறதே இல்ல தம்பி. எங்களுக்கும் அது சோறுதானே.” எலி அவர்கள் வீட்டில் உணவு. ஒரு வயலில் மருந்து வைத்தால் கூகை, கீரி, சாரை, நாய் என்று வரிசையாகப் போகிறது. கூடவே ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணைகிறது. அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வேட்டைக்கு இரண்டு வாரம் முன்பே சுற்றிலும் உள்ள எல்லா நிலக்காரர்களிடமும் போய் நேரில் கேட்பேன். யாராவது மருந்து வைத்திருந்தால் அந்தப் பக்கமே நாயைக் கூட்டிப்போவதில்லை. தள்ளாடும் எலி எங்கே தெரிந்தாலும் எல்லா நாய்க்கும் உடனே கயிறு.

என் அம்மா வடலூர்க்காரர். வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பில் பசித்தவர்களுக்கு இன்றும் சமைக்கிறார்கள். அந்த ஊரில் வளர்ந்தவருக்கு மகன் நாயைக் கூட்டிக்கொண்டு உயிர் எடுக்கப் போவது பிடிக்குமா? “ஏம்பா இந்தப் பாவம்?” என்று ஆரம்பத்தில் தினமும் கேட்டார். நான் வாதம் செய்யவில்லை. கறுப்பி ரத்தம் கசியப் படுத்துக் கிடந்த அந்த வாரம் முழுக்க அம்மாதான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: “மருந்து வச்சா அது நாலு நாள் துடிக்குது. நாய் புடிச்சா ஒரு நொடி.” அதற்கு மேல் அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. தை மாதம் தவிர மற்ற நாட்களில் நாய்களை எலிக்கு விடுவதில்லை என்று நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

கறுப்பிக்கும் மணிக்கும் பிறந்தவள் சிட்டு. அப்பனின் மூக்கு, அம்மாவின் கால். உடம்பு கொஞ்சம் குட்டை, தோல் தடிப்பு. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இப்படிப்பட்ட நாய்க்கு லர்ச்சர் என்று பெயர். அது ஓர் இனம் இல்லை. கிரேஹவுண்டையோ விப்பெட்டையோ ஆடு மேய்க்கும் கோலியோடும் வளைக்குள் நுழையும் டெரியரோடும் சேர்த்து, வேலைக்காக உண்டாக்கிய கலப்பு. ஓட்ட நாயின் வேகத்தோடு கொஞ்சம் புத்தியும் கொஞ்சம் முரட்டுத்தனமும் சேர வேண்டும் என்பதற்காக. பெட்லிங்டன் டெரியரும் விப்பெட்டும் சேர்ந்த கலப்பு அங்கே எலிக்கும், வளை தோண்டி வாழும் குழிமுயலுக்கும் பெயர்பெற்றது. இங்கிலாந்திலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் நாய் வைத்துக் காட்டு முயலை விரட்டுவதைத் தடை செய்துவிட்டது. நிலக்காரரின் அனுமதியோடு எலிக்கும் குழிமுயலுக்கும் விலக்கு உண்டு. நம் நாட்டிலும் அங்கேயும் முயல் கதவு மூடி எலிக் கதவு திறந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கலப்பு என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கன்னி அருகிவரும் இனம், அதைக் கலக்கலாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். கறுப்பிக்கு அதற்கு முன் ஒரு கன்னி ஆணோடு ஈன்ற நான்கு குட்டிகள் தெற்கேயே வளர்கின்றன. இனத்துக்கு அவள் கடன் கழித்துவிட்டாள். சிட்டு எங்கள் சேற்றுக்காகப் பிறந்தவள்.

கண் நாய்க்கு உண்மையான திருவிழா வயலில் இல்லை, களத்தில்தான். வைக்கோல் போர் பிரிக்கும் நாள். ஒரு வருடப் போரின் அடியில் எலி குடும்பம் குடும்பமாக இருக்கும். மேலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் அவை ஓடாமல் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். கடைசி இரண்டடி இருக்கும்போதுதான் வெடித்துச் சிதறும். கடலூர் துறைமுகத்திலிருந்து வாங்கிவந்த பழைய மீன் வலையைக் கழி நட்டு, போரைச் சுற்றி இடுப்பளவுக்குக் கட்டி, அடியில் மண் போட்டு மூடிவிடுவோம். போருக்கும் வலைக்கும் நடுவில் ஐந்தாறு அடி வெட்டவெளி. மணி போரைக் குடைவான். கறுப்பியும் சிட்டும் எதிரெதிர் மூலையில் நிற்பார்கள். அங்கே முதல்முறையாக எலிக்குப் பொந்து கிடையாது. மூன்று முழம் ஆறு முழமாக நீளும். அந்தக் கூடுதல் மூன்று முழம் ஒரு கன்னி நாய்க்குப் போதும். கழுத்தை மட்டும் நீட்டி, உடம்பைக்கூட நகர்த்தாமல் அவள் எடுப்பதைப் பார்க்க வேண்டும். போன வருடம் ஒரே காலையில் முப்பத்தேழு. தாத்தா எண்ணிக் கோணியில் போட்டார்.

களத்தில் கோழி இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். அசைவதெல்லாம் இரை என்றுதான் இந்தக் கண்ணுக்குத் தெரியும். கீரி குறுக்கே வந்தால் கூப்பிட்டதும் நிற்காத நாயை எந்த வேட்டைக்கும் கொண்டுவரக் கூடாது. கீரியைத் தொடுவதும் குற்றம், கீரி எங்களுக்காக உழைக்கும் பிராணியும்கூட.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாய்களின் தோல் காகிதம் மாதிரி. மிஷின் அறுத்த வயலில் நிற்கும் தாள் ஈட்டி போலிருக்கும். உள்ளங்காலையும் தொடையையும் கிழித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் காலை உப்புத் தண்ணீரில் கழுவி விரல் விரலாகப் பார்ப்பேன். எலி கடித்த மூக்குக் காயம் சின்னதாக இருந்தாலும் சீழ் பிடிக்கும். தையல் போட மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், இது ஓட்ட நாய் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கொழுப்பே இல்லாத உடம்பு என்பதால் தயோபென்டோன் போன்ற மருந்திலிருந்து தெளிய இவற்றுக்கு வெகு நேரம் ஆகும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்த தடுப்பூசி வருடம் தவறாமல் போடுகிறேன். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். எனக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை. தாத்தாவுக்கும் வாங்கிக் கொடுத்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டார். பூட்ஸைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

கறுப்பிக்கு இப்போது பத்து வயது முடிந்துவிட்டது. முகவாய் நரைத்து, பின்கால் ஒன்று இழுக்கிறது. இந்தத் தையில் அவளைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போக நினைத்தேன். வாசல் வரை வந்து நின்றாள். சரி என்று கூட்டிப்போனேன். வரப்பில் ஏற முடியாமல் கீழேயே, வழக்கமான இடத்தில், தள்ளி நின்றாள். மணியும் சிட்டும் ஒரு வளையில் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். தாத்தா கொத்துவதை நிறுத்திவிட்டு எனக்குச் சைகை காட்டினார். கறுப்பியின் இரண்டு காதும் விறைத்து, வளைக்கு இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத ஒரு புல் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. தாத்தா சிட்டின் கழுத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார்.

மண் அசைந்தது.